மீட்டரில் தெரியாத ஆபத்து

ஆர்.ஓ. மெஷின் ரிப்பேர் வேலையில் இருபது நிமிஷம் மெஷினைக் கழற்றி மாட்டினால், நாற்பது நிமிஷம் வீட்டுக்காரரின் பயத்தைக் கழற்றி மாட்ட வேண்டும். ஸ்பேனர் பையோடு வீடு வீடாக அலைகிற உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்குக் கோபம் வேறு மூக்குக்கு மேல் வரும்.

பக்கத்து வீட்டு நம்பர்

மண்ணூர்பேட்டையில் ஒரு ரிட்டயர்டு ஃபிட்டர். தண்ணீரில் முக்கினால் உப்பளவு காட்டும் பேனா மீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு வாரம் ஒரு போன். அவர் வீட்டில் தொண்ணூறு, பக்கத்து வீட்டில் அறுபதாம். மனிதருக்குத் தூக்கமே போய்விட்டது. "ரெண்டுமே நல்ல தண்ணிதான் சார். அது உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. குடத்துக்குள்ள கையை விட்டு மொண்டு குடிக்கிறீங்களே, முதல்ல அதை நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. மீட்டரைச் சட்டைப் பையில் பத்திரமாகச் செருகிக்கொண்டார். "கிருமி கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குதேப்பா, நம்பர் தெரியுதே!"

தெரிஞ்ச ஆளு

முத்தாபுதுப்பேட்டை அக்கா ஒருவர், குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை வருகிறது, மருந்து கலக்கிறார்கள் என்று பயந்து கேன் தண்ணீருக்கு மாறிவிட்டார். கேன் மாடிப்படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே பச்சைப் பாசி. "அந்த வாசனைதான்கா கிருமியைக் கொல்லுது" என்றேன். முகம் சுருங்கிப் போச்சு. "இன்னா தம்பி இப்டி பேசுற? கேன் போடறவரு நம்ம தெரு ஆளு. அவரு கெட்டது தருவாரா?"

எலும்புக்குச் சத்து

செம்பரம்பாக்கம் பக்கம் புதிதாய்ப் பிளாட் போட்ட இடத்தில் ஒரு தனி வீடு. குமார், அவன் மனைவி செல்வி, அவர்களுக்கு ரெண்டு வயசுப் பெண் குழந்தை. மெஷின் தண்ணீர் குடித்தால் பிள்ளைக்கு எலும்பு வளராது என்று யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு ஸ்பெஷல் ஃபில்டர் மாட்டணுமாம். மெயின் வால்வை மூட வாசலுக்குப் போனேன். தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாக ஒரு துருப்பிடித்த தகரம். கால் வைத்ததும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. உள்ளே ஆள் உயரத் தண்ணீர்.

"ஃபில்டர் அப்புறம். முதல்ல இதுக்கு மூடி போடு!"

"ரெண்டு வருஷமா இப்டித்தான் கீதுண்ணா. ஒண்ணும் ஆவல" என்றான் குமார்.

"ரெண்டு வருஷமா உம்பொண்ணு வாசலுக்கு ஓடலய்யா, இப்பத்தானே ஓடுது!"

"இன்னாண்ணா, மூடிக் கடையில கமிஷனா?"

வந்ததே கோபம். "ஃபில்டரும் வேணாம், சர்வீஸ் காசும் வேணாம். பூட்டு போடற இரும்பு மூடி வாங்கினு வா. அதுவரைக்கும் மெஷினைத் தொட மாட்டேன்." பேரம் பேசியே பிழைக்கிற நான், நஷ்டத்துக்குப் பேசியது அன்றைக்குத்தான்.

நாங்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே குழந்தை டம்ளரோடு வந்து தகரத்தின் ஓரத்தில் குந்திவிட்டது. டம்ளர் உருண்டு இடுக்கில் விழுந்தது. களுக் என்று ஒரு சத்தம். செல்வி பாய்ந்து பிள்ளையை வாரி எடுத்தாள். குமார் வண்டிச் சாவியை எடுத்தான்.

அவன் கொண்டுவந்த மூடியை ரெண்டு பேருமாகச் சிமென்ட் குழைத்துப் பதித்தோம். பூட்டுப் போடும்வரை செல்வி குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. "எலும்பு எலும்புன்னு வீடியோ பார்த்துகினே இருந்தேண்ணா. இவ எங்க நிக்கிறான்னு பார்க்கல."

தேவையில்லாத ஃபில்டரை நாலே வார்த்தையில் விற்றுவிடலாம் நண்பர்களே, தேவையான மூடியை வாங்க வைக்கத்தான் தொண்டை கிழிய வேண்டியிருக்கிறது.