பந்தோடு ஓடச் சொன்னது நான்தான்

என் மனைவி அப்படி ஓர் ஆசையைச் சொல்லவே இல்லை. அவள் இறந்து ஏழு மாதங்களுக்குப் பிறகு, மொன்ட்ரியாலின் வில்லரேயில், எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்பருகே நின்று, அந்த ஆசையை நான் உண்டாக்கினேன். என் மகன் அதை நம்பினான்.

மகன் பல்கலைக்கழக அணியில் ஃபுட்போல் விளையாடினான். தலைக்கவசம் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்துக்காக மோதும் இந்த நாட்டு ஃபுட்போல். அவன் தடுக்கும் பக்கத்து ஆள். மைதானத்தின் ஓரத்தில் நிற்பான். எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுபவனோடு ஒட்டிக்கொண்டே ஓடி, பந்து அவன் கைக்குப் போகாமல் பார்ப்பது அவனுடைய வேலை. அதை அவன் எவ்வளவு நன்றாகச் செய்தான் என்றால், எதிரணிகள் அவன் இருக்கும் பக்கமே பந்தை எறிவதை நிறுத்திவிட்டன. சில ஆட்டங்களில் மூன்று மணி நேரமும் பந்து அவனிடம் வராது. அதைப் பார்த்துத்தான் இரண்டு தொழில்முறை அணிகள் அவனோடு பேசத் தொடங்கியிருந்தன. அது அவனுடைய கடைசி வருடம்.

அவன் பக்கத்தில் ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அவன் திறமைக்குச் சான்று. யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவன் நான். பூச்சியத்தின் மதிப்பு எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் கீழ் மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும் கிடைக்கும். அங்கேதான் நாங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கதைப்போம். கதைப்பது என்ன, ஒருவர் பிள்ளையை இன்னொருவர் பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்ப்போம். என்னோடு ஒரே வகுப்பில் படித்த ஒருவர் இங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“மாஸ்டர், நேற்று ரிவியிலை உங்கட பெடியனைப் பாத்தன். நல்லா ஓடுறான். ஆனா பந்தைத்தான் காணேல்லை. பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் ஓடுற மாதிரிக் கிடந்தது.”

“அவன் தடுக்கிற ஆள். பந்து வராமல் பாக்கிறதுதான் அவன்ர வேலை.”

“அப்ப வாச்மன் எண்டு சொல்லுங்கோவன்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் மனத்துக்குள் அவரைத் திட்டினேன். வீட்டுப் படி ஏறும்போது மகன்மேல் கோபம் வந்தது.

செப்டெம்பரில் ஒரு வாய்ப்பு வந்தது. எதிரணி உயர உதைத்து அனுப்பும் பந்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடுவதற்கு அணியில் ஒரு பையன் இருந்தான். அவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அந்த இடத்தில் நிற்பவனுக்குப் பந்து நிச்சயம். இருபதாயிரம் கண்ணும் அவன்மேல்தான். நான் பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போய், வேலிக்கு வெளியே நின்று கோச்சைக் கூப்பிட்டேன். என் மகனை அங்கே நிறுத்தச் சொன்னேன்.

கோச் கியூபெக்காரர். பொறுமையாகவே விளக்கினார். உங்கள் மகனுக்குப் பயந்து எதிரணி மைதானத்தின் ஒரு பக்கத்தையே எங்களுக்கு விட்டுவிடுகிறது. அப்படிப்பட்டவனை, பன்னிரண்டு பேர் முழு வேகத்தில் ஓடிவந்து மோதும் இடத்தில் எதற்கு நிறுத்த வேண்டும்? சில கோச்மார் அப்படிச் செய்வார்கள், மிகச் சிறந்தவன் கையில்தான் பந்து இருக்க வேண்டும் என்பார்கள், நான் செய்ய மாட்டேன் என்றார்.

“அவன் வெள்ளைக்காரனாக இருந்தால் கொடுத்திருப்பீர்கள்” என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. கணுக்கால் பிசகிய பையன் மொன்ட்ரியால்-நோரைச் சேர்ந்த ஹெய்ட்டிக் கறுப்பினப் பையன். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

அன்று மாலை மகன் குசினிக்குள் வந்ததுமே தொடங்கினான்.

“கோச்சிட்டை ஏன் போனனீங்கள்? எல்லாருக்கும் முன்னாலை எனக்கு வெக்கம்.”

“நீயே கேள். நீ கேட்டால் தருவார்.”

“நான் கேக்க மாட்டன். அது விசர் வேலை. அவங்கள் ஓடி வரேக்கை நான் அண்ணாந்து பாத்துக்கொண்டு நிக்கோணும்.”

“பயமோ?”

“ஓம், பயம்தான். இந்த வருசம் எனக்குக் கால் போனா எல்லாம் போச்சு.”

“சனம் சிரிக்குது, தெரியுமோ?”

“எந்தச் சனம்? அந்தக் கடைக்காரரோ? அவருக்குக் காட்டோணும் எண்டா நீங்கள் போய் ஓடுங்கோ!”

பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் போனான். அவனை நிறுத்த என்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

“கொம்மா கடைசியாக் கேட்டது அதுதான்” என்றேன். “ஆஸ்பத்திரியிலை. நீ பந்தோடை ஓடுறதை ஒருநாள் பாக்கோணும் எண்டவ.”

பையை மெல்ல இறக்கி வைத்தான்.

“ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“நீ அழுவாய் எண்டு.”

அது இரண்டாவது பொய். முதலாவதைவிட இலகுவாக வந்தது.

அவன் போய்க் கோச்சிடம் கேட்டான். காரணத்தையும் சொல்லியிருக்கிறான். கோச் அரை மனத்தோடு சம்மதித்தார். இரண்டாவது ஆட்டத்தில் மகன் பந்தைப் பிடித்து, ஒருவர் கையிலும் அகப்படாமல் மறுமுனை வரை ஓடினான். கடைக்காரர் உடனே ஃபோன் எடுத்தார். “மாஸ்டர், இண்டைக்குப் பஸ்ஸைப் பிடிச்சிட்டான்!” எனக்கு அன்றிருந்த சந்தோசத்தை மறைக்க மாட்டேன். மனைவி இறந்த பிறகு நான் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றுதான்.

அடுத்த ஆட்டத்துக்குக் கோயில் சனத்தை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மழை. பந்து அவனுக்கு முன்னால் தாழ்ந்து வந்து விழுந்தது. குனிந்து எடுத்துத் திரும்பும்போது ஈரப்புல்லில் அவன் வலது கால் நின்றுவிட்டது, உடம்பு திரும்பிவிட்டது. அதே நேரம் பக்கவாட்டில் ஒருவன் வந்து மோதினான். நான் ஃபோனில் வீடியோப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் அவன் விழுந்த பிறகும் மூன்று நான்கு விநாடிகள் என் குரல் கேட்கும்: “ஓடு! ஓடு!”

முழங்காலில் இரண்டு தசைநார்கள் அறுந்திருந்தன. ஆஸ்பத்திரிக்குக் கோச் வந்தார். கட்டிலருகே, சேறு பிடித்த சப்பாத்துகளைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

“திருப்தியா, மெஸ்யூ?” என்றார். “தாயின் கடைசி ஆசை என்று இவன் சொன்னபோது என்னால் மறுக்க முடியவில்லை. நீங்கள் தகப்பன். நீங்கள் மறுத்திருக்கலாம்.”

கட்டிலில் கிடந்த மகன் பிரெஞ்சில் அவரோடு சீறினான். அப்பாவை விடுங்கள், அம்மா சொன்னதைத்தான் அவர் சொன்னார் என்றான். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

அந்த இரண்டு அணிகளும் பிறகு அழைக்கவில்லை.

பெப்ரவரியில் மனைவியின் முதலாம் ஆண்டுப் பூசை வந்தது. எங்கள் சனத்தின் வழக்கப்படி, வருபவர்களுக்குக் கொடுக்க நினைவு அட்டை அடிக்க வேண்டும். ஒரு பக்கம் இறந்தவரின் படம், மறுபக்கம் ஒரு வேதவசனம். மகன் ஊன்றுகோலோடு வந்து மேசையில் எனக்கு எதிரே இருந்தான்.

“அப்பா, வேதவசனம் வேண்டாம். அம்மா கடைசியாச் சொன்னதைப் போடுவம். எனக்குத் தமிழ் எழுத வராது. நீங்கள் எழுதுங்கோ.”

பேனையை எடுத்தேன். ‘என் மகன் பந்தோடு’ என்பது வரை எழுதினேன். மேசையில் அவளுடைய படம் இருந்தது. அதற்குப் பின்னால் இந்த வரியை அச்சடித்து, நூறு பேர் கையில் கொடுக்கப் போகிறேன்.

“கொம்மா அப்பிடிச் சொல்லேல்லை” என்றேன்.

“அப்ப எப்பிடிச் சொன்னவ?”

“அப்பிடி ஒண்டுமே சொல்லேல்லை. அது நான் சொன்ன பொய்.”

அவன் தன் முழங்காலைப் பார்த்தான். என் முன்னால் ஒருபோதும் சொல்லாத ஒரு சொல்லைப் பிரெஞ்சில் சொன்னான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்தான்.

“அவ உண்மையா என்ன சொன்னவ? இல்லாட்டி அதுக்கும் ஒரு கதை வைச்சிருக்கிறீங்களோ?”

அவள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“‘அவனை அவன்ர பாட்டுக்கு விடுங்கோ’ எண்டவ.”

அந்தத் தாளை என் பக்கம் தள்ளினான்.

“அதை எழுதுங்கோ.”

“சனம் கேக்குமடா.”

“கேக்கட்டும். கார்ட் குடுக்கிறது நீங்கள்தானே. நீங்களே பதில் சொல்லுங்கோ.”

அந்த வாரமே சென்ட் லோரன்டில் ஒரு சிநேகிதனின் வீட்டுக்குப் போய்விட்டான். பூசைக்கு வந்தான். எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. அடுத்த பக்கத்து மர வாங்கில் இருந்தான். பூசை முடிந்து, கீழ் மண்டபத்தில் நான் ஒவ்வொருவராக அட்டையைக் கொடுத்தேன். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“மாஸ்டர், இதென்ன, வேதவசனத்தைக் காணேல்லை? ஆரை விடச் சொல்லுறா? ஆருக்குச் சொன்னவ?”

மகன் கோட் மாட்டும் கொக்கிகளுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து நின்றான். ரோல்ஸும் எடுக்கவில்லை, தேத்தண்ணியும் எடுக்கவில்லை.

“எனக்கு” என்றேன்.

“கேக்கேல்லை அப்பா” என்றான் அங்கிருந்தே. “சத்தமாச் சொல்லுங்கோ.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வகுப்பில் படிப்பித்த குரலில், கடைக்காரரின் பஸ் பகிடியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கோச்சுக்குச் சொன்னதையும் விடவில்லை. சொல்லும்போது அவன் பக்கம் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது கொக்கியில் அவனுடைய கோட் இல்லை. எதுவரை கேட்டான் என்று எனக்குத் தெரியாது.