தமிழுக்கு மாறின கம்ப்யூட்டர்

ஒரகடத்துல கார் பார்ட்ஸ் செய்யற கம்பெனி ஒண்ணுல, சரக்கு வெளிய போற ரூம்ல எனக்கு ஒரு நாற்காலி. பெட்டிங்களுக்கு ஒட்டற லேபிளைக் கம்ப்யூட்டர்ல எடுத்துக் குடுக்கற வேலை. லைன்ல நின்னு நின்னு முட்டி தேஞ்சப்புறம் கெடைச்ச நாற்காலி அது. போச்சுன்னா மறுபடி நிக்க என்னால ஆவாது. பிள்ளைப்பாக்கத்துல வூட்டோட கெடக்க வேண்டியதுதான்.

சூப்பர்வைசர் தங்கமான மனுஷன். தெனம் காலைல வந்து, "முட்டி எப்படிக்கா கீது?"ன்னு கேட்டுட்டுத்தான் போவாரு.

ஒரு திங்கக்கிழமை வந்து பாத்தா ஸ்கிரீன் முழுக்கத் தமிழ். அமைப்புகள்ங்குது, அச்சிடுங்குது. பேக்கிங் பொண்ணுங்க எட்டிப் பாத்து, நம்ம தமிழுன்னு சந்தோஷப்பட்டுதுங்க. எனக்கு அது சரியாப் படல. ஃபேன் ஓடலன்னு வாய் வலிக்கச் சொல்லியும் திரும்பிப் பாக்காத கம்பெனி இது. கேக்காமயே தமிழ் கொண்டாந்து வைக்குமா? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

பிரிண்டர் மக்கர் பண்ணா எங்க போயி எதை அமுக்கணும்னு எனக்கு இங்கிலீஷ்ல கை பழகிப்போச்சு. அந்தப் பழக்கத்துக்காகத்தான் என்னை வச்சிருக்காங்க. இப்ப வர்றவன் போறவன்லாம் படிச்சுப் பாத்து அமுக்கலாமே, அப்பறம் நான் எதுக்கு?

கண்ணு நேரா, எனக்கப்பறம் இதே நாற்காலில உக்கார்ற மதிய ஷிஃப்ட் பொண்ணு மேலதான் போச்சு. தென்காசிப் பக்கத்துப் புள்ள, தண்டலத்துல ஹாஸ்டல். புதுசா வந்தது. ரெண்டு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் மானிட்டர்லயே ஒட்டிக் கெடக்கும். அவ உள்ள வர்றப்ப எனக்கு பஸ் கெளம்பிடும், ஒரு சிரிப்போட சரி. இப்ப யோசிச்சா அந்தச் சிரிப்பே சரியில்ல. நாற்காலிய அவ உயரத்துக்கு எறக்கி வச்சிருக்கா. சாமி படத்துக்கு நான் வச்ச பூவ எடுத்துட்டு வேற பூ வச்சிருக்கா. மொதல்ல நாற்காலி, அப்பறம் சாமி, இப்ப கம்ப்யூட்டரு. அமுக்கமான கள்ளி, OT-ன்னு சொல்லி என் ஷிஃப்ட்டயும் வாரிக்கப் பாக்கறா. வாரம் பூரா எனக்கு இதே நெனப்பு, சோறு எறங்கல.

வெள்ளிக்கிழமை பஸ்ஸ வுட்டுட்டு உக்காந்துட்டேன். அவ வந்தா. நான் எழுந்திரிக்கல.

"கம்ப்யூட்டர மாத்துனது யாரு?"

"நாந்தான்க்கா." பட்டுனு சொல்லிட்டா. "சார்தான் மாத்தச் சொன்னாவ. முட்டி முடியாத ஆளு, எத்தன நாளைக்கு வருவாங்க, தமிழ்ல இருந்தா யார உக்கார வச்சாலும் ஓடும்னாவ."

அடப்பாவி! தெனம் முட்டிய விசாரிச்சது இதுக்குத்தானா? ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுத கதை. ஊர்ல இருக்கறவங்க எல்லாரையும் சந்தேகப்பட்டேன், அந்த ஆளைத் தவிர.

உன்னைத்தான உக்கார வைக்கப் போறான்னு எரிச்சலா கேட்டேன். அவ இல்லன்னு தலைய ஆட்டுனா. அவளுக்கும் ஒரு மாசந்தான் வேலைன்னு சொல்லியிருக்கானாம். அப்பறம் ஆளு மாறுமாம்.

"யாரு வேணாலும் உக்காரலாம்னா, நானும் அந்த யாரோதானக்கா?"

எனக்கு அதுக்கு மேல கோவம் வரல. எழுந்து நாற்காலிய அவகிட்ட குடுத்தேன். அவ அமைப்புகளுக்குள்ள போயி மொழியத் தேடி இங்கிலீஷ அமுக்குனா. கம்ப்யூட்டர அணைச்சு மறுபடி பாஸ்வேர்டு போட்டதும் எல்லாம் பழையபடி ஆயிடுச்சு. பிரிண்டர் சிக்குனா என்ன பண்றதுன்னு அவளுக்குக் காட்டிக் குடுத்தேன், அவளுக்கு மட்டும். தமிழச்சிங்க ரெண்டு பேரா சேந்து தமிழ வெளிய அனுப்பிட்டு, ஆளுக்கு ஒரு டீ குடிச்சோம்.

மறுநாள் சூப்பர்வைசர் வந்து ஸ்கிரீன உத்து உத்துப் பாத்தாரு. யாரு மாத்துனதுன்னு கேட்டாரு. நாங்க ஏன் சார் அதெல்லாம் தொடப்போறோம், அதுவா மாறிக்கிச்சு போலன்னேன். என் மூஞ்சியப் பாத்தாரு, மதியம் அவ வர்ற கதவுப் பக்கம் பாத்தாரு.

அன்னிக்குத்தான் மொத தடவையா என் முட்டியப் பத்தி விசாரிக்காம போனாரு.