எண்ணூரில் ஒரு நாள் கேப்டன்

காலை ஆறரைக்கு ராயபுரத்திலிருந்து வண்டியைக் கிளப்பினேன். நான் ஓட்டுவது டாக்டருக்குப் படிக்கிறவர்களின் வேன். எட்டாம் வகுப்போடு படிப்பு என்னைக் கைவிட்டது. அதனால் படிக்கிறவர்களைச் சுமக்கும் உத்தியோகம் கிடைத்தது. அன்று பின்னால் ஐந்து மாணவர்கள். முன்னால் அவர்களுடைய வாத்தியாரான பெரிய டாக்டர். அவர் காலடியில் இரண்டு பாட்டில் சலைன். எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் காலரா ஊசி போடப் போகிறோம். ஒன்பது மைல்.

காசிமேடு தாண்டும்போதே டாக்டர் பாடத்தை ஆரம்பித்தார். மருந்து தெரிந்தால் மட்டும் டாக்டர் ஆகிவிட முடியாது, ஆட்களை நடத்தவும் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காக ஒவ்வொரு முகாமிலும் ஒரு மாணவரைத் தலைவராக்கிவிட்டு, தான் வாயை மூடிக்கொள்வார்.

"இன்னிக்கு சாரங்கன்தான் தலைவர். யார் எங்கே நிக்கணும், எது எப்போ நடக்கணும், எல்லாம் அவன் சொல்றதுதான். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோப்பா. வரிசை மட்டும் நிக்கக் கூடாது. நின்னா ஜனங்க கலைஞ்சுடுவாங்க."

சாரங்கன் மதுராந்தகத்துக்காரர். மூக்குக் கண்ணாடி, பூனை நடை போல மெல்லிய பேச்சு. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"கேப்டன் சார், ஆரன் அடிக்கிறதுன்னா உங்கள கேட்டுக்கினுதான் அடிக்கணுமா?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க," என்றார். பின்னால் சிரிப்பு.

திருவொற்றியூர் தேரடியில் டீ ஓரணா. "கொதிக்கிறதை மட்டும் குடிங்க" என்று கேப்டன் முதல் உத்தரவைப் போட்டார். டீ ஆறிக் கிடந்தது. ஆறு பேரும் தரையில் கொட்டினார்கள். நான் மட்டும் குடித்தேன். நான் டாக்டருக்குப் படிக்கவில்லையே. அங்கிருந்து எர்ணாவூர் ரயில்வே கேட், உப்பளம், கடைசியில் மணல் பாதை.

எட்டு மணிக்குக் குப்பம். ஊர்த்தலைவர் நாட்டார் கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் சொல்லாமல் அங்கே ஒருவரும் கையை நீட்ட மாட்டார்கள். கேப்டன் நேரே போய் அவர் எதிரில் மணலில் உட்கார்ந்தார்.

"ஊசி போட்டா கை வீங்கிக்கும், டாக்டரு. வீங்குன கைய வெச்சிக்கினு எப்டி துடுப்பு வலிக்கிறது?"

"ஒவ்வொரு கட்டுமரத்துலயும் பாதிப் பேருக்கு இன்னிக்குப் போடறோம். மீதிப் பேருக்கு நாளை மறுநாள். ஒரு மரமும் சும்மா கிடக்காது."

நாட்டார் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். வரிசை சேர்ந்தது. பெரிய டாக்டரின் மீசை லேசாக அசைந்ததைப் பார்த்தேன்.

பத்தரைக்கு அடுப்பு அணைந்தது. ஊசிகளைக் கொதிக்க வைக்க மண்ணெண்ணெய் இல்லை. வரிசை நின்றது, பின்னால் இரண்டு பேர் நழுவினார்கள். கேப்டன் தயங்கவே இல்லை.

"திருவொற்றியூர் போய் மண்ணெண்ணெய் வாங்கிட்டு வாங்க. சீக்கிரம்."

பெரிய டாக்டர் என் வண்டியைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

நாலு மைல் போய் டின்னோடு திரும்பினால், எர்ணாவூர் கேட்டை மறித்துக்கொண்டு ஒரு கூட்ஸ் ரயில்.

"இன்னா மாமு, ரயிலு தூங்கிகினு கீதா?" என்று கேட் காவலரைக் கேட்டேன்.

"இஞ்சினு ரிப்பேரு. நீ வேணா எறங்கி தள்ளு," என்றார்.

அரை மணிக்கு மேல் ஆயிற்று.

திரும்பிப் போனபோது வரிசை இல்லை. மணலில் விரித்த பாயின் மேல் ஒரு பெண் கிடந்தாள். கண் உள்ளே போயிருந்தது. பெரிய டாக்டர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பாட்டிலும் காலி. அவள் புருஷன் கன்னியப்பன், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடுவார்கள் என்று பயந்து, விடியலிலிருந்து அவளைக் குடிசைக்குள் மறைத்து வைத்திருந்தானாம். கேப்டன் நாட்டாரோடு மணலில் உட்கார்ந்து பேசியதைப் பார்த்து அவனுக்குத் தைரியம் வந்திருக்கிறது. தானே தூக்கிக்கொண்டு வந்தான். அப்போது நான் கிளம்பி ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது.

"இன்னும் நிறைய சலைன் வேணும். ஆஸ்பத்திரியிலதான் இருக்கு," என்றார் டாக்டர்.

ஏற்றினோம். கேப்டன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். திருவொற்றியூர் வருவதற்குள் டாக்டர் நாடி பிடித்திருந்த அவள் கையை மெல்லக் கீழே வைத்தார்.

"திருப்பு, நைனா. ஊருக்குப் போலாம்," என்றான் கன்னியப்பன்.

நான் கேப்டனைப் பார்த்தேன். அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ரோட்டைப் பார்த்தார்.

"திருப்புங்க," என்றார் கேப்டன்.

குப்பத்தில் அவர்தான் முதலில் இறங்கினார். அழுகைச் சத்தத்துக்கு நடுவே நாட்டாருக்கு முன்னால் போய் நின்றார்.

"வண்டியை அனுப்பினது நான். அது இங்கேயே நின்னிருந்தா இவங்க பிழைச்சிருக்கலாம்."

நாட்டார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "போட்டுக்கினவன் போட்டுக்கினான். போதும், டாக்டரு. கெளம்பு."

கேப்டன் கிளம்பவில்லை. அடுப்பைப் பற்ற வைத்து ஊசிகளைக் கொதிக்கப் போட்டார். பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, காலையில் வரிசை நின்ற இடத்தைப் பார்த்தபடி நின்றார். யாரும் வரவில்லை. நான் கொண்டுவந்த மண்ணெண்ணெய் தீரும் வரை ஊசிகள் கொதித்தன.

வரும்போது தேரடியில் யாரும் டீ கேட்கவில்லை. என்னிடமும் கிண்டல் ஒன்றும் மிச்சமில்லை. காசிமேடு வந்தபோது பின்னாலிருந்து கேப்டன் கேட்டார்:

"நாளை மறுநாள் யார் சார் தலைவர்?"

"நீதான்," என்றார் டாக்டர். கொஞ்ச தூரம் போன பிறகு, "வரிசையைப் பத்தி நான் சொன்னதை மறந்துடு," என்றார்.

அவர்களை இறக்கிவிட்டு, வண்டியை பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டு, ராயபுரத்தில் என் தெருவுக்குள் நுழைந்தேன். குழாயில் தண்ணீர் இன்னும் வரவில்லை. குடங்களோடு பெண்கள் வரிசை நகராமல் நின்றுகொண்டிருந்தது. ஒருவரும் கலையவில்லை.