மணலில் விரித்த துண்டு

"தோலை அங்கங்க போடாதய்யா! பெருக்கறதுக்கு உங்க அம்மாவா வருவாங்க?" வாணலி மணலில் மல்லாட்டையைப் புரட்டிக்கொண்டே அதட்டுகிறாள் கெங்கம்மாள். திண்டிவனத்தில் பஸ் நிற்கிற இடத்தில் இவளிடம் வசவு வாங்காமல் யாரும் வேர்க்கடலை வாங்கிவிட முடியாது. சூடாக இருக்கிறதா என்று நான் ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். "அடுப்புல இருக்கறது பின்ன ஜில்லுனா இருக்கும்?" என்றாள்.

இவ்வளவு வாய் பேசுகிறவளுக்குப் புருஷன் பேச்சு வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். பெயரைச் சொல்லமாட்டாள், "அவுரு"தான். பச்சைமுத்து என்று பக்கத்துப் பூக்காரிதான் எனக்குச் சொன்னாள்.

சில வருஷங்களுக்கு முன் ஊர்க்கோடிக் கீற்றுக் கொட்டகையில் படம் ஓடும்போதே தீப்பிடித்ததே, அதில் போன பலரில் அவனும் ஒருவன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே இடுப்பளவு மண்சுவர். இவள் சேலையில் மணல் ஒட்டுமே என்று தோள் துண்டை எடுத்துச் சுவருக்கு மேலாக நீட்டி, "விரிச்சிக்கினு குந்து" என்றானாம். தீ பரவியதும் இவள் துண்டும் கையுமாகப் பெண்கள் வாசல் வழியே வெளியே வந்துவிட்டாள். அவனோ ஆண்கள் வாசலை விட்டுவிட்டுச் சுவரைத் தாண்டிக் குதித்திருக்கிறான்.

"நான் வெளிய நின்னுக்கினு இருக்கேங்க. அவுரு என்னை உள்ள தேடிக்கினு இருக்காரு."

அந்தத் துண்டை இவள் தண்ணீரில் நனைத்ததே இல்லை. தகர டப்பாவில் வைத்திருந்து அடிக்கடி எடுத்து முகர்வாள். "புகை நாத்தந்தான் முன்னால வருது. கொஞ்சம் பொறுத்தா அவுரு வேர்வை வருங்க." என்னிடமும் நீட்டினாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. வருகிறது என்று சொல்லிவைத்தேன்.

போன மாதம் செத்தவர்களுக்காக ஓர் அஞ்சலிக் கூட்டம். தீயில் மிஞ்சியவற்றை மேசையில் வைத்தார்கள்: நெளிந்த ஒலிபெருக்கிக் குழாய், சைக்கிள் மணி, யாரோ ஒரு குழந்தையின் கொலுசு. கூட்டம் நடத்திய மளிகைக்கடை சுப்பராயலு நல்ல மனுஷர். கெஞ்சிக் கேட்டுத் துண்டை வாங்கிப் போனார். செத்தவர் பொருளை அழுக்காக வைப்பது மரியாதையா என்று வெள்ளாவிக்குப் போட்டு, நீலம் முக்கி, பெட்டி போட்டு வைத்துவிட்டார்.

"புதுசு மாதிரி ஆயிடுச்சு பாரும்மா" என்று அவரே கொண்டுவந்து கொடுத்தபோது நான் கடலைக்கு நின்றிருந்தேன். இவள் வாய்க்கு இன்று மனுஷர் தப்பமாட்டார் என்று நினைத்தேன். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். அவர் போனதும் மடிப்பைப் பிரித்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

பிறகு வாணலியை இறக்கிவைத்தாள். ஈர மட்டையை அடுப்புக்குள் திணித்தாள். குபுகுபுவென்று கிளம்பிய புகைக்கு மேலே துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.