உப்புப் பார்ப்பவரின் நாக்கு

மூலக்குளம் பலராமனுக்கு உறவு வட்டத்தில் ஒரு பதவி இருந்தது. எழுத்தில் இல்லாத பதவி, ஊதியமும் கிடையாது. எந்த வீட்டுத் திருமணமானாலும், பந்திக்கு இலை போடுவதற்கு முன்னர், சமையற்காரர் ஒரு கரண்டிச் சாம்பாரைக் கொண்டுவந்து பலராமனின் வலது உள்ளங்கையில் ஊற்ற வேண்டும். பலராமன் அதைச் சுவைத்து, ஒரு கணம் கூரையை நோக்கிவிட்டு, "சரி" என்றோ "அரைக் கைப்பிடி" என்றோ சொல்ல வேண்டும். அதன் பின்னரே இலை விழும். முன்னொரு காதுகுத்து விருந்தில் சமையற்காரரும் அவர் மனைவியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் ஆளுக்கொரு முறை உப்பிட்டுவிட, பந்தி தொடங்கும் முன்பே அதைக் கண்டுபிடித்துக் கூவியவர் பலராமன். அன்று கிடைத்த பதவி அது. அதற்குப் பிறகு நாற்பத்தொரு விருந்துகள். ஒன்றிலேனும் அவர் தீர்ப்புப் பிழைத்ததில்லை.

வீட்டில் மட்டும் இந்தத் திறமைக்குப் பயன் குறைவு. உப்புச் சரியாக இருந்தால் பேசாமல் உண்டு எழுந்துவிடுவார். குறைந்தால் "கம்மி" என்பார். முப்பத்தெட்டு ஆண்டு இல்வாழ்க்கையில் தம் சமையலைப் பற்றிக் குஞ்சம்மாள் கணவர் வாயால் கேட்ட விமர்சனம் அந்த ஒரு சொல்தான்.

சென்ற தை மாதம் பலராமனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது. இறங்கும்போது நாக்கின் சுவையையும் மூக்கின் மணத்தையும் உடன் கொண்டுபோய்விட்டது. ஊறுகாயும் உமியும் அவருக்கு ஒன்றாயின. மருத்துவர், "வரலாம், வராமலும் போகலாம். தினமும் வேறு வேறு அழுத்தமான சுவையாகக் கொடுத்து நாக்கை எழுப்பிக்கொண்டே இருங்கள்" என்றார்.

ஆவணியில் அவருடைய தங்கை அமிர்தவல்லியின் மகளுக்கு அரியாங்குப்பத்தில் திருமணம். தாய்மாமனும் அவரே, உப்புப் பார்ப்பவரும் அவரே. அறுநூறு பேருக்குச் சமையல். செய்தி வெளியே கசிந்தால் பதவி போகும். கசியாமல் தவறான தீர்ப்புச் சொன்னாலோ மானமே போகும். ஆகவே பலராமன் எவரிடமும் சொல்லவில்லை. குஞ்சம்மாளுக்கு ஐயம் எழாதிருக்க, மூன்று வேளையும் முதற்கவளம் விழுங்கியதும் "பிரமாதம்" என்று சொல்லத் தொடங்கினார்.

ஒருவரிடம் மட்டும் சொன்னார். அவர் அரிகிருஷ்ணன், பஞ்சாலையின் தறிக்கூடத்தில் மேஸ்திரியாக இருந்தவர். அதே கூடத்தில் நெசவாளியாக நின்றவர் பலராமன். முந்நூறு தறிகள் ஒருங்கே அடிக்கும் இடத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. அங்கு எல்லோரும் கையால்தான் பேசினார்கள். இரு சுட்டுவிரல்களைச் சேர்த்து வெடுக்கென்று பிரித்தால் நூல் அறுந்தது; முட்டியை மடக்கிக் காட்டினால் தறி சீராக ஓடுகிறது; இல்லாத மீசையை முறுக்கினால் மேலாளர் வருகிறார். ஆலை மூடிப் பல ஆண்டுகள் ஆகியும், காது மந்தமான அவ்விருவருக்கும் கைப்பேச்சு வாய்ப்பேச்சைவிடத் தெளிவாக இருந்தது. ஆதலால் பலராமன் தம் வீட்டுக் கூடத்தில், குஞ்சம்மாள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருக்கும்போதே, நாக்கைத் தொட்டுக் காட்டி இரு விரல்களைப் பிரித்தார். இரகசியம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் அரிகிருஷ்ணன் நாற்பது பக்க நோட்டு ஒன்றோடு வந்தார்.

"டீக்கடை வாணாம் பா. ஓட்டலும் வாணாம். அங்கெல்லாம் நம்ம சனம் வரும்."

"அப்ப எங்கடா போறது?"

"கடற்கரப் பக்கம் சாக்லேட்டு கடைங்க இருக்கில்ல? அங்க நம்ம ஆளுங்க எவனாவது உள்ள போயி பாத்திருக்கியா? அங்கதான் போறோம்."

இந்த வாதத்தில் பலராமனால் குறை காண இயலவில்லை. சாக்லேட்டில் இனிப்பு, கசப்பு, புளிப்பு, உப்பு எல்லாம் உண்டென்று அரிகிருஷ்ணன் எங்கோ படித்திருந்தார். நோட்டில் கட்டம் போட்டு, கடை, பண்டம், நிறம், நாக்கு என நான்கு தலைப்புகளும் எழுதியிருந்தார்.

முதற்கடை புதுச்சேரி மிஷன் வீதியில். குளிரூட்டிய அறை; கோயில் கருவறையைப் போன்ற அமைதி. பலராமன் ஒரு துண்டை வாயிலிட்டார்.

"தெரியுதா?" என்று அரிகிருஷ்ணன் வழக்கமான குரலில் கேட்டார். அடுத்த மேசை வெள்ளைக்காரப் பெண்மணியின் கரண்டி கீழே விழுந்தது.

"சார், கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றாள் விற்பனைப் பெண்.

அதன் பிறகு அவர்கள் கையால் பேசினார்கள். அரிகிருஷ்ணன் புருவத்தை உயர்த்துவார். பலராமன் கண்ணை மூடி, நெடுநேரம் மென்று, முகத்தில் எந்த மாறுதலும் இன்றி, இரு விரல்களைப் பிரிப்பார். அரிகிருஷ்ணன் நோட்டில் பெருக்கற்குறி இடுவார். ஆலையில் சாக்லேட்டுக்குச் சைகை இருந்ததில்லை. எனவே புதிதாக ஒன்றை அமைத்துக்கொண்டார்கள்: தறி அச்சுக்குக் கிரீஸ் தடவுவதுபோல் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தேய்ப்பது. வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அடுத்த கடையைத் திட்டமிடவும் அதுவே பயன்பட்டது.

மூன்றாம் கடையில்தான் அந்த மாற்றம் நேர்ந்தது. வெள்ளை வேட்டி கட்டிய இரு முதியவர்கள், ஒருவர் சுவைக்கிறார், மற்றவர் எழுதுகிறார், பேச்சில்லை, புன்னகையில்லை. கடைக்காரர் சற்று நேரம் பார்த்தார். பிறகு அவரே வேறொரு தட்டோடு வந்தார்.

"ஐயா, அது நேத்து போட்டது. இத பாருங்க, இன்னிக்கு போட்டது."

பலராமன் பார்த்தார். விரல்களைப் பிரித்தார். கடைக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே யாரையோ திட்டும் ஒலி கேட்டது.

பத்தே நாளில் செய்தி பரவிவிட்டது. ஒரு கடையில் அவர்களுக்கென்று இரு நாற்காலிகள் ஒதுக்கப்பட்டன. மற்றொன்றில் பலராமன் விரல் பிரித்த ஆரஞ்சு கேக்கைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். புஸ்ஸி வீதிக் கடையொன்றில் இன்னும் ஒருபடி மேலே போய், "கண்டிப்பான நாக்குகளுக்கும் உகந்தது" என்று பலகை எழுதி மாட்டினார்கள். அங்கும் அவர் விரலைப் பிரிக்கவே செய்தார். பலகை மாலைக்குள் இறங்கியது. புதுச்சேரி நகரத்தில் சாக்லேட்டைப் பற்றி யாதொன்றும் அறிய இயலாத ஒரே நாக்கு, நகரத்தின் தலைமை நாக்காயிற்று.

"பாவமா இருக்குடா. நல்லாத்தான் இருக்கும்போல" என்றார் பலராமன், வெளியே வந்து.

"நல்லாவா? தேவாமிர்தம்! நானே ரெண்டு சுத்து பெருத்துட்டேன்" என்றார் அரிகிருஷ்ணன். ஒவ்வொரு துண்டிலும் பாதியை அவர் ஒப்புநோக்குவதற்காக உண்டு வந்தார்.

உப்பளம் பகுதியில் கார்குழலி என்ற பெண் வீட்டு முன்னறையில் தாமே சாக்லேட் செய்து விற்றுவந்தார். அவர் பணிந்து போகிறவர் அல்லர். பலராமன் விரலைப் பிரித்ததும் இடுப்பில் கை வைத்தார்.

"இன்னா கொற, வாயத் தொறந்து சொல்லுங்க பெரியவரே."

"இன்னும் கொஞ்சம் கசப்பா..." என்றார் பலராமன், தப்பிக்கும் எண்ணத்தில்.

கார்குழலி கொக்கோவின் அளவில் எழுபது விழுக்காட்டிலிருந்து எண்பதுக்கும், தொண்ணூறுக்கும், நூறுக்கும் ஏறினார். அதற்கு மேல் விழுக்காடு இல்லாமையால் பாகற்காயைக் காயவைத்து இடித்துச் சேர்த்தார். அடுத்த முறை மிளகாய் விதையும் சேர்ந்தது. ஒப்புநோக்கிய அரிகிருஷ்ணன் தெருக்குழாயடியில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பலராமன் மட்டும் சுண்ணாம்புச் சுவரைக் கடிப்பவரைப் போல் அமைதியாக மென்றார். நாக்கின் அடியில் எதுவும் அசையவில்லை. கார்குழலியின் கண் கலங்கியது.

"இதுவும் இல்லியா?"

பலராமனுக்கு அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் தாம் ஒரு கொடியவர் என்ற எண்ணமே இருந்தது. கடை கடையாக மாதங்கள் கழிந்து, திருமணத்துக்கு நான்கு நாளே எஞ்சியிருந்தன.

எனவே மாற்று ஏற்பாடு செய்தார்கள். வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, கையாலேயே, ஐயந்திரிபறப் பேசி முடித்தார்கள். அரிகிருஷ்ணன் முன்னதாகவே சமையற்கூடத்துக்குள் நுழைந்து சாம்பாரைச் சுவைத்துவிட வேண்டும். பலராமன் கையில் சாம்பார் விழும் நேரத்தில் அவர் தூணருகே நின்று, மடக்கிய முட்டியால் சரி என்றோ, விரல்களால் இத்தனை கைப்பிடி என்றோ காட்ட வேண்டும். முழு விரல் ஒன்று. மடக்கிய விரல் அரை. அது ஆலைக் கணக்கு. குஞ்சம்மாள் இருவருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். "பிரமாதம்" என்றார் பலராமன்.

அரியாங்குப்பம் மண்டபத்தில் அன்று காலை மேளமும் ஒலிபெருக்கியும் தறிக்கூடத்தைத் தோற்கடித்தன. சமையற்காரர் கரண்டியோடு வந்தார். அமிர்தவல்லி, மணமகனின் தகப்பனார், இலைக்கட்டு ஏந்திய பரிமாறுகிறவர்கள் என எல்லோரும் சூழ்ந்து நின்றார்கள். உள்ளங்கையில் சாம்பார் விழுந்தது. பலராமன் சுவைத்தார். வெந்நீர். கூரையை நோக்குவதுபோல் தூணை நோக்கினார்.

தூணருகே அரிகிருஷ்ணன் நாக்கை வெளியே நீட்டி, இரு கைகளாலும் விசிறிக்கொண்டிருந்தார். கொதிக்கும் அண்டாவிலிருந்து நேரே வாயில் ஊற்றிக்கொண்டுவிட்டார் அந்த மேதை. பலராமனைக் கண்டதும் கலங்கிய கண்ணோடு இரு விரல்களைப் பிரித்துக் காட்டினார்.

பலராமன் இரண்டாம் முறை கூரையை நோக்கினார். சாம்பார் முழங்கை வரை வழிந்தது.

"இன்னாண்ணே, பேச மாட்டேங்கிற?" என்றாள் அமிர்தவல்லி.

நாற்பத்தொரு விருந்துகளில் ஒருமுறையும் மூன்றாம் முறை கூரை பார்க்கப்பட்டதில்லை. பலராமன் அதையும் பார்த்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து வாயைத் திறந்தார். அப்போது அண்டாவின் ஆவிக்குப் பின்னால், காய் நறுக்கும் பெண்களுக்கு நடுவே, ஒரு கை உயர்ந்தது. ஒரு விரல் முழுமையாக, அடுத்த விரல் பாதி மடங்கியதாக நின்றது. குஞ்சம்மாளின் கை.

"ஒன்றரைக் கைப்பிடி" என்றார் பலராமன்.

சமையற்காரர் உப்பைப் போட்டுக் கிளறி, தாமே ஒரு துளி சுவைத்துத் தலையை ஆட்டினார். "நாக்குன்னா இது நாக்கு!" இலை விழுந்தது.

தண்ணீர்த் தொட்டியருகே கை கழுவப் போன இடத்தில் பலராமன் மனைவியைப் பிடித்தார்.

"ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"தையிலேர்ந்தே. ரெண்டு பேரும் என் மூஞ்சிக்கு முன்னாடியே கைய கைய ஆட்டிக்கினு இருந்தா? நூல் சுத்துற பிரிவுல நாலு வருசம் நின்னவ நானு. அந்த மில்லு கேட்டாண்டதான என்னப் பாத்தீங்க? மறந்துபோச்சா?"

மறந்துதான் போயிருந்தது. அவருக்கும், அரிகிருஷ்ணனுக்கும்.

"அப்பறமும் சந்தேகம். ஒரு வாரம் கொழம்புல உப்பே போடாம வச்சேன். பிரமாதம்னீங்க. சரி, நெசந்தான்னு விட்டுட்டேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நிறுத்திடுவீங்களே! முப்பத்தெட்டு வருசத்துல ஒரு நாளு நல்லாருக்குன்னு சொன்னதில்ல. இப்ப ஏழு மாசமா மூணு வேளையும் சொல்றீங்க. நானே போயி அத ஏன் கெடுத்துக்கணும்?"

பலராமன் குழாயை மூடினார், மூடியிருந்ததை மீண்டும் திறந்தார். "சாம்பாரு... எப்டி இருக்கு?" என்று மெல்லக் கேட்டார்.

"இப்பத்தான் சரியா இருக்கு. போயி உக்காருங்க."

பந்தியில் ஆண்களின் வரிசையில் பலராமனும், சற்றுத் தள்ளி அரிகிருஷ்ணனும் அமர்ந்தார்கள். வெந்த நாக்குடன் தயிர்ச்சோற்றை எதிர்நோக்கியிருந்த அரிகிருஷ்ணன், இலைக்கு மேலே கையை உயர்த்தினார். நாளை. பதினொரு மணி. இன்னும் ஒரு கடை பாக்கி. பலராமன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முட்டியை மடக்கிக் காட்டினார்.

எதிர்வரிசையில் பெண்களுக்கு நடுவே அமர்ந்திருந்த குஞ்சம்மாள், அப்பளத்தை இலையின் ஓரத்தில் வைத்தார். தம் மார்பைத் தொட்டுக் காட்டினார். பிறகு, தறி அச்சுக்குக் கிரீஸ் தடவுவதுபோல், கட்டைவிரலால் மற்ற விரல்களை நிதானமாகத் தேய்த்தார்.