தீவுக்காரி பின்னிய சாக்ஸ்

ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் ரயிலடிக்குக் கூப்பிடு தூரத்தில் 'நாகலக்ஷ்மி மெஸ்' என்று ஒன்று இருந்தது. அதை நடத்திய சேனாபதி தூத்துக்குடிக்காரர். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடம் அவரைக் கைவிட்டதா, அவர் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டாரா என்பது இன்றுவரை தீராத வழக்கு. சரக்குக் கப்பலில் சமையல்காரராக ஏறி, உலகத்தில் உப்புத் தண்ணீர் உள்ள இடமெல்லாம் சுற்றி, கடைசியில் அமெரிக்காவில் ஓட்டல் வேலைக்கு வந்து, கிரீன் கார்டு வாங்கி, சொந்தக் கடை போட்டவர். எம்.ஏ. படித்தவனும் எம்.எஸ். படித்தவனும் தட்டை ஏந்திக்கொண்டு அவர் முன்னால் வரிசையில் நிற்பான். 'யாரு யாருகிட்ட வந்து நிக்கான் பாத்தியா' என்று மனைவியிடம் கண்ணைக் காட்டுவார். அந்தப் பெருமைக்கு அவருக்கு உரிமை உண்டு. சும்மா வந்ததல்ல.

பக்கத்து வங்கிகளில் கம்ப்யூட்டர் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் பையன்கள்தான் அங்கே வாடிக்கை. அவர்களுக்குச் சோறு, குழம்பு, ரசம், மோர் எல்லாம் போட்ட பிறகு சேனாபதி ஒரு தீவையும் பரிமாறுவார். வேண்டாம் என்று இலையை மூட முடியாது.

தீவின் பெயர் டிரிஸ்டன் ட குன்ஹா. ஆப்பிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் நடுவே, அட்லாண்டிக் கடலில் யாரோ தவறவிட்டுப் போன மாதிரி தனியே கிடக்கிற மலை. விமானம் போகாது. கப்பலும் நினைத்தால்தான் போகும். எழுபதாம் வருஷம் சேனாபதியின் கப்பல் கேப்டவுனிலிருந்து புவனஸ் அயர்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, இன்ஜின் ரூம் கருப்பசாமி குடல்வால் வலியில் துடித்தான். தீவில் ஒரு டாக்டர் இருக்கிறார் என்று கேப்டன் கப்பலைத் திருப்பினார். கருப்பசாமிக்குத் தமிழ் தவிர வேறு எதுவும் வராது. அதனால் பேச்சுத் துணைக்குச் சேனாபதியும் தீவுக்காரர்களின் படகில் இறங்கினார். டாக்டர் வயிற்றைக் கிழித்துத் தைத்து முடிப்பதற்குள் கடல் பொங்கிவிட்டது. ஒரு வாரம் எந்தப் படகும் கரையைத் தாண்ட முடியவில்லை. அந்த ஒரு வாரத்தைத்தான் சேனாபதி இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மலை உச்சி சாமானியமா தெரியாது தம்பி. எப்பவும் மேகம் தலைப்பா கட்டிட்டு நிக்கும். ஒரே ஒரு நாள் காலையில தலைப்பாவைக் கழட்டுச்சு. உச்சியில தேங்காய்ப்பூ தூவின மாதிரி பனி. பெறவு மறுபடியும் கட்டிக்கிச்சு. என்னையப் பாக்கத்தான் கழட்டியிருக்கும்."

ஊர் என்பது மலையடிவாரத்தில் கொஞ்சம் கல் வீடுகள். மொத்த ஜனமும் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிடும். குடும்பப் பெயர் மொத்தம் ஏழு. மற்றபடி எல்லோருக்கும் எல்லோரும் மாமன், மச்சான். விளைவது உருளைக்கிழங்கு. காற்று பிய்த்துக்கொண்டு போகாமலிருக்க ஒவ்வொரு வயலுக்கும் கல்சுவர். வீடுகளுக்குப் பக்கத்திலேயே அடிப்பிடித்த அல்வாச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு கருப்பு மேடு. அது அறுபத்தொன்றில் எரிமலை கக்கியது. அப்போது ஊரையே கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், வீடும் வேலையும் கொடுத்தார்கள்.

"ரெண்டு வருஷத்துல, எங்களுக்கு எங்க கிழங்கே போதும்னு ஓட்டுப் போட்டுத் திரும்பி வந்துட்டாங்க" என்பார் சேனாபதி.

"வீடு, வேலை, எல்லாம் கொடுத்துமா?" கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கும் சபரிநாதனுக்கு அந்த இடத்தில் மட்டும் சோறு இறங்காது. "அங்கிள், அவங்க ஸ்லாட்டை எனக்குக் குடுத்திருக்கலாம்."

பிறகு புதையல் கதை. அந்தத் தீவில் முதன்முதலில் குடியேறியவர்களில் ஓர் இத்தாலிக்காரன் எங்கோ போய்த் தங்கக் காசோடு திரும்புவானாம். இடத்தைச் சொல்லாமலே செத்துப்போனானாம். இரண்டு அருவிகளுக்கு நடுவே எங்கோ இருக்கிறது என்று பேச்சு. தாம் உட்கார்ந்து பீடி குடித்த பாறைக்கு அடியில்தான் அது இருக்க வேண்டும் என்பது சேனாபதியின் கணிப்பு. அதற்கு அடுத்தது பெண் கேட்ட கதை. ஆதியில் அங்கே கல்யாணமாகாத ஆண்கள் கூடிப்போக, ஒரு கேப்டனிடம் சொல்லி செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பெண்களைக் கூட்டிவரச் செய்தார்கள். முதலில் கரையில் கால் வைக்கிறவளே எனக்கு என்று ஒருவன் சபதம் போட்டு நின்றானாம்.

"நீங்களும் அதத்தானே பண்ணுதிய? ரெண்டு வாரம் லீவுல போயி, மெட்ராஸ் ஏர்போர்ட்ல மொதல்ல நிக்கவள கட்டிட்டு வந்துருதிய."

இவ்வளவும் சொல்லி, யாராவது சந்தேகமாகப் பார்த்தால், சேனாபதி பேண்ட்டை முழங்கால்வரை தூக்குவார். உள்ளே வெள்ளைக் கம்பளிச் சாக்ஸ். மேல்பகுதியில் கலர் கலராகக் கோடுகள். தாம் தங்கியிருந்த வீட்டுப் பெண் கிளம்பும்போது பின்னிக் கொடுத்தது. இருபத்தெட்டு வருஷமாகக் குளிர்காலம் முழுக்க அதுதான். குதிகால் கிழியும்போதெல்லாம் மனைவி நாகலக்ஷ்மிதான் ஊசி நூல் எடுத்துத் தைத்துக் கொடுப்பார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் பொங்கல் முடிந்த வாரம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், ராமசுப்ரமணியன் வந்தான். சென்னைப் பையன், நல்லவன், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதனால்தான் வினையே வந்தது.

"அங்கிள், உங்க ஐலண்டை இன்டர்நெட்ல தேடினேன். ரெண்டு நாளா ஆபீஸ்ல வேலையே பண்ணல. நீங்க சொன்ன எல்லாமே கரெக்ட். எரிமலை, ஏழு சர்நேம், அந்த ட்ரெஷர் மேட்டர், எல்லாம்."

சேனாபதிக்கு அங்கேயே பட்டாபிஷேகம் நடந்த மாதிரி இருந்தது. "சத்தமா சொல்லு தம்பி. உங்க ஆன்ட்டி காதுல விழட்டும். ஏட்டி, கேட்டியா?"

நாகலக்ஷ்மி தோசைக்கல்லில் மாவு ஊற்றிக்கொண்டே, "கேக்குது, கேக்குது" என்றார்.

"அந்த சாக்ஸ்கூட இருக்கு அங்கிள். அதுக்குப் பேரே லவ் சாக்ஸ். பொண்ணுங்க மனசுக்குப் பிடிச்ச பையனுக்குப் பின்னிக் குடுப்பாங்களாம். எவ்ளோ கோடு போட்டிருக்காளோ அவ்ளோ லவ்வாம். உங்களுதைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

கேட்டால் காட்டுவது வழக்கம். சேனாபதி காலைத் தூக்கிக் காட்டிவிட்டார். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே ஆரம்பித்த கோடுகள் கெண்டைக்கால் முடியும்வரை நிற்கவே இல்லை.

"அங்கிள்" என்றான் சபரிநாதன், "இது சாக்ஸ் இல்ல. டர்ன்பைக் ரோடு. இத்தனை லேன் போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். தோசை தீய்கிற வாசனை வந்தது. அந்தக் கடையில் அதுவரை தோசை தீய்ந்ததில்லை. அப்போதே சேனாபதி வாயை மூடியிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் மனிதருக்கு முகமெல்லாம் வெளிச்சம். காலையே பார்த்துக்கொண்டு, "இத்தன வருஷமா தெரியாம போச்சே" என்றுவிட்டார்.

நாகலக்ஷ்மி தோசைத் திருப்பியோடு திரும்பினார். "தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பிய?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திடீரென்று ரசத்தில் மும்முரமானார்கள்.

கடைக்கு மேலேதான் வீடு. சாயங்காலம் விசாரணை ஆரம்பமானது.

"எழுவதுல நான் மகிழனை வயித்துல வச்சுக்கிட்டு உங்க அம்மாகிட்ட ஏச்சு வாங்கிட்டு இருந்தேன். நீங்க அங்க காலக் குடுத்து அளவு எடுத்துக்கிட்டு இருந்திருக்கிய."

"அளவெல்லாம் யாரும் எடுக்கலட்டி."

"எடுக்காம எப்படி இம்புட்டுக் கச்சிதமா இருக்கு? நான் உங்களுக்கு எடுத்த சட்ட ஒண்ணாவது அளவு சரியா இருந்திருக்கா? அவ பின்னுனது மட்டும் எப்படிப் பொருந்துச்சு?"

ஈரமான ஷூவை அவர்கள் வீட்டு அடுப்புப் பக்கம் காயப் போட்டிருந்தார், அதைப் பார்த்து அளவு எடுத்திருப்பாள். உண்மை அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல ஆரம்பித்தவர், "நல்ல பொண்ணுதான் பாவம், இருவது வயசு இருக்கும், நான் செஞ்ச உருளக்கிழங்குப் பொரியலை ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டா" என்று முடித்தார்.

அதோடு அந்த அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டார். மறுநாள் மத்தியானம் வாடிக்கையாளர்களுக்கு வத்தக்குழம்பு, அவரைக்காய், அப்பளம். சேனாபதியின் தட்டில் அவித்த உருளைக்கிழங்கு. ராத்திரியும் அதே. உப்புக்கூட இல்லை. அடுத்த நாளும் அதே. "என்னட்டி இது?" என்று கேட்டதற்கு, சுவரைப் பார்த்து, "தீவுச் சாப்பாடு" என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை டெக்ஸாஸிலிருந்து மகன் போன் பண்ணினான். மகிழன் அங்கே கேட்டி என்ற ஊரில் இருக்கிறான், எண்ணெய்க் கம்பெனியில் வேலை.

"அப்பா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? அம்மா ஒன்வே டிக்கெட் போடச் சொல்றாங்க. சனிக்கிழமை சாயங்காலம் நூவர்க்ல ஃப்ளைட். இனிமே இங்கதான் இருப்பேங்கறாங்க."

"நான் ஒண்ணும் பண்ணலடா. ஒரு சாக்ஸ்."

"அது எல்லாருக்கும் குடுக்கறதுன்னு சொல்லி முடிச்சிடுங்களேன்."

"எல்லாருக்கும் குடுக்கலையே. கருப்பசாமிக்குக் குடுக்கல."

"அப்பா."

"அவன் வயித்தக் கிழிச்சுப் படுத்திருந்தான், இருந்தாலும் குடுக்கல."

மகன் போனை ரோஷினியிடம் கொடுத்துவிட்டான். மருமகள் சிரித்துக்கொண்டே, "மாமா, உங்களுக்கு அத்தை முக்கியமா, கோடு முக்கியமா?" என்று கேட்டாள்.

சேனாபதி அன்றைக்கு முழுவதும் யோசித்தார். கடை போனால் இன்னொரு கடை போடத் தெம்பு இருக்கிறது. கையில் ஒன்றுமில்லாமல் ஆரம்பித்தவர்தானே. ஆனால் அவர் கப்பலில் போன காலமெல்லாம் கரையில் காத்திருந்தவள், இப்போது அவரைக் கரையில் விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறாள். அதற்கு அவரிடம் மாற்று இல்லை. செய்ய வேண்டியது என்னவென்று புரிந்தது. தாம் ஒன்றுமில்லாத ஆள் என்று சொல்ல வேண்டும். அதையும் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து அவர் அப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கடை நிறைந்திருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் நாகலக்ஷ்மியின் சூட்கேஸ். சேனாபதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நடுவில் வந்து நின்றார்.

"தம்பிகளா, அந்தத் தீவு விஷயத்துல ஒண்ணு சொல்லணும். நான் படகுல போகும்போதே வாந்தி எடுத்துட்டேன். கரையில எறங்குனதுல இருந்து ஒரே அழுகை. குளுருல பல்லு கிடுகிடுன்னு ஆடுது. என் மேல வெங்காய நாத்தம். பாத்தாலே பரிதாபமா இருப்பேன். அந்தப் பொண்ணு, ஐயோ பாவம்னு பிச்ச போடுத மாதிரி அந்த சாக்ஸைப் போட்டா. அவ்வளவுதான். கோடெல்லாம், மிச்சமிருந்த நூலு."

அதுவரை சேனாபதி சொன்னதெல்லாம் உண்மை, உப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவே. வாந்தியும் இல்லை, அழுகையும் இல்லை. அவர் வாழ்க்கையிலேயே சொன்ன முதல் கலப்படமற்ற பொய் இதுதான். சொல்லி முடித்ததும் வேர்த்துவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. ராமசுப்ரமணியன் மட்டும், "பரவாயில்ல அங்கிள்" என்று ஆறுதலாகச் சொன்னான். அதுதான் நாகலக்ஷ்மிக்குப் பொறுக்கவில்லை.

"என்ன பரவாயில்ல?" என்று அடுப்பை விட்டு வெளியே வந்தார். "எழுவதுல இவரு எப்படி இருப்பாருன்னு உனக்குத் தெரியுமா? ஹார்பர் ரோட்டுல நடந்து போனா மாடி சன்னல் எல்லாம் தொறக்கும். எங்கப்பா கவர்மென்ட் மாப்பிள்ளைய வேணாம்னு சொல்லிட்டு இவருக்குக் குடுத்தாரு. அழுது வடியுதவனுக்கா குடுத்தாரு?"

"ஏட்டி, நான் என்ன சொல்லுதேன்னா..."

"நீங்க பேசாதிய. வாந்தி எடுத்தாராம், வாந்தி. கப்பல்காரன் படகுல வாந்தி எடுப்பானா? ஊரு முழுக்க என் புருஷன் மூஞ்சியப் பாத்து ஒருத்தி பிச்ச போட்டான்னு பேசட்டும்னு இப்படிச் சொல்லுதிய. எனக்கு ஒரு மருவாதி வேண்டாமா?"

"அப்ப லவ்வுதானா ஆன்ட்டி?" என்றான் சபரிநாதன், மெதுவாக.

"பின்னே? அம்புட்டுக் கோடு சும்மா போடுவாளா? கண்ணு இருந்தா ஆசப்படத்தான் செய்வா. ஆசப்பட்டு என்ன, எனக்குத் தாலி கட்டுன ஆளு. அவ சாக்ஸோட நிறுத்திக்கிட்டா. புத்திசாலிப் பொண்ணு." இவ்வளவும் சொல்லிவிட்டு, சேனாபதியின் தட்டில் சோற்றைப் போட்டு, வத்தக்குழம்பை ஊற்றினார். ஒரு வாரத்துக்குப் பிறகு உப்பைக் கண்ட மனிதர் தலை நிமிரவே இல்லை.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று மகிழன் சொல்லிவிட்டதால், பேரனைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று நாகலக்ஷ்மி கேட்டிக்குப் போனார். திரும்பி வரும் டிக்கெட்டையும் கையோடு போடச் சொல்லிவிட்டுத்தான் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. பின்னால் பத்துப் பெண்களின் பேச்சுச் சத்தம்.

"இங்க பக்கத்துல சாரதான்னு ஒருத்தி வீட்டுல பஜனை. முடிஞ்சு எல்லாரும் உக்காந்திருக்கோம். நம்ம தீவுக் கதையச் சொன்னேன். ஸ்வர்ணான்னு ஒரு பொண்ணு கண்ணுல தண்ணியே வச்சுட்டா."

"தண்ணி வைக்க அதுல என்ன இருக்கு?"

"கப்பல் கெளம்புனப்ப அந்தப் பொண்ணு மழையில பாற மேல ஏறி, கப்பல் மறையுத வரைக்கும் நின்னாள்ல, அதச் சொன்னேன்."

"அவ எங்கட்டி நின்னா? மழையில கரைக்கு ஒரு நாய்கூட வரல."

"உங்களுக்கு என்ன தெரியும்? கப்பல் ஏறுன ஒடனே அடுப்படிக்குள்ள போயிருப்பிய." போனை வைத்துவிட்டார்.

சேனாபதி ரிசீவரைப் பிடித்தபடி நின்றார். கப்பல் ஏறியவுடன் அடுப்படிக்குத்தான் போனார், அது நிஜம். முப்பது பேருக்கு வெங்காயம் உரிக்க வேண்டியிருந்தது. எட்டிப் பார்க்கவில்லை.

"என்ன அங்கிள்?" என்றான் ராமசுப்ரமணியன்.

"ஒண்ணுமில்ல தம்பி" என்றார் சேனாபதி. "அங்க பாறை ஒண்ணு உண்டு. உயரமான பாறைதான்."