மாப்பிள்ளை வாட்ச்சில் மணி என்ன?

ஒரு வாட்ச் வாங்க நான்கு ஆண்கள் போனோம். கட்டப்போகிற கை ஒன்றுதான்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெரு. பக்கத்து வீட்டு ஏகாம்பரம் தன் பெண் வசந்திக்கு வரன் பார்த்து முடித்துவிட்டார். நிச்சயதார்த்தத் தட்டில் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு வாட்ச் வைக்க வேண்டும். இது எங்கள் பக்கத்துச் சட்டம். நாட்டின் சட்டத்தைக்கூட டில்லியில் உட்கார்ந்து திருத்திவிடலாம், இதைத் திருத்த ஆள் கிடையாது.

"சார், நீங்களும் கூட வந்தா நல்லா இருக்கும்" என்றார் ஏகாம்பரம்.

எனக்கும் வாட்ச்சுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் நான் எழுதுகிற இந்தப் பத்திரிகைப் பத்தியில் ஒருமுறை பிரஷர் குக்கர் விசிலைப் பற்றி எழுதித் தொலைத்தேன் அல்லவா... அன்றிலிருந்து எங்கள் தெருவில் யார் எது வாங்கினாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். மிக்சி, ஃபேன், போன மாதம் ஒரு கறவை மாடு. என் தகுதி என்ன என்பது அந்த மாட்டுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தெருவுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

வசந்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரகடம் போகிற வழியில் ஒரு மருந்துக் கம்பெனியில், பேக்கிங் செக்‌ஷனில் வேலை. ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன்பே மெயின் ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அவளிடம் வாட்ச் கிடையாது. அவர்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரமோ ஏகாம்பரத்தைப் போலவே... நல்ல மனசு, ஆனால் நம்ப முடியாது. ஆகவே எங்கள் படுக்கையறை ஜன்னல்தான் அவளுக்கு மணிக்கூண்டு.

டொக், டொக். "அக்கா, மணி இன்னா?"

என் மனைவி மணி சொல்வாள். வசந்தி ஓடுவாள். நான் புரண்டு படுத்து இரண்டு பேரையும் மனசுக்குள் திட்டுவேன். அப்புறம் தூக்கம் வருமா? எழுந்து தொலைப்பேன். மூன்று வருஷமாக இதே கூத்து!

அன்று நாங்கள் கடைக்குக் கிளம்பும்போது, வசந்தி அதே ஜன்னல் பக்கம் வந்தாள். இந்தத் தடவை மணி கேட்க அல்ல.

"சார், அவங்க வூட்டுல, கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போவக் கூடாதுன்றாங்களாம். அவரு அம்மாதான் சொல்லியிருக்காங்க. இவரு பொண்ணு பாக்க வந்தப்போ வாயே தொறக்கல. ஆளு எப்டின்னு கொஞ்சம் பாத்துகினு வாங்க சார். அம்மா சொல்றதுக்கெல்லாம் மண்டைய ஆட்டற ஆளுன்னா... எனக்கு இந்தக் கல்யாணமே வாணாம்."

கண் கலங்கவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. வாட்ச் பார்க்கப் போன எனக்கு ஆள் பார்க்கிற வேலையும் சேர்ந்தது. ஓவர்டைம்தான்!

மாப்பிள்ளையின் பெயர் குமார். ஒரு பெரிய தொழிற்சாலையில் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். தகடு வைத்தால் அச்சடித்துத் தள்ளுகிற ராட்சச மிஷின். நாள் முழுக்க அதன் சத்தத்தில் நின்றதாலோ என்னவோ, பையன் பேசுவதையே விட்டுவிட்டான் போலிருந்தது. "வணக்கம் சார்" என்றான். அதோடு சரி.

அவனுக்கும் சேர்த்துப் பேசுவதற்கு ஒருவர் வந்திருந்தார். தாய்மாமன் துரை. இரண்டு வருஷம் அரபு நாட்டில் இருந்துவிட்டு வந்தவர். மணிக்கட்டில் தட்டை வடை அளவுக்கு ஒரு தங்கக் கலர் வாட்ச்.

கடைக்காரர் எங்களைப் பார்த்த உடனே கேட்டார், "மாப்பிள்ளை வாட்ச்சா?"

அதற்கென்று தனி ட்ரே வைத்திருக்கிறார் மனுஷன்! எல்லாம் தங்கக் கலர். எல்லாம் செயின். டயலில் எண்ணே கிடையாது, வெறும் முள்தான். எண் போடாத டயல்தான் இப்போது ஃபேஷனாம். மணி என்ன என்பது அதில் ஓர் அபிப்பிராயம்தான்.

வாலிபப் பிள்ளைகள் வாட்ச் எடுப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மணி தெரிகிறதா என்று எவனாவது பார்க்கிறானா? கையை நீட்டுவான், மடக்குவான், தலையைக் கோதுவான், கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்வான். வாங்கிக் கட்டிய பிறகு முழுக்கைச் சட்டையில் இடது கையை மட்டும் மடித்துவிட்டுக்கொள்வான். பஸ்ஸில் கம்பியை இடது கையால்தான் பிடிப்பான். எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கிற ஒருவனிடம் மணி கேட்டால் சொல்லவே மாட்டான். கையை நம் மூக்குக்கு நேரே நீட்டுவான். நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்று சொல்லவும் வேண்டும்.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. கறுப்பு பிளாஸ்டிக்கில் எலக்ட்ரானிக் வாட்ச். மணிக்கு ஒருதரம் 'பீப்' என்று கத்தும். சினிமாக் கொட்டகையில் கதாநாயகி உயிரை விடுகிற நேரத்தில், தரை டிக்கெட்டிலிருந்து பால்கனி வரைக்கும் வரிசையாகக் கத்தும் பாருங்கள்... அப்படி ஒரு மரியாதை எந்தக் கதாநாயகிக்கும் கிடைத்திருக்காது.

சரி, கடைக்கு வருகிறேன்.

"தண்ணில வுழுந்தாலும் ஓடணும்" என்றார் துரை. "எவ்ளோ ஆழம் போனாலும் தாங்கணும். இருட்டுல முள்ளு மின்னணும். தேதி, கெழமை ரெண்டும் காட்டணும்."

செம்பரம்பாக்கம் ஏரியில் குதிப்பதாக மாப்பிள்ளைக்கு ஏதாவது உத்தேசமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"மணி காட்டினால் பரவாயில்லையா?" என்று கேட்டேன். துரை சிரிக்கவில்லை. ஏகாம்பரம் சிரிக்கப் பார்த்து, சம்பந்தி வீட்டார் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

எனக்கோ பசி, என் வாட்ச்சோ வீட்டில். "மணி என்ன ஆச்சுங்க?" என்று துரையிடம் கேட்டேன். அவர் சட்டைக் கையை மெதுவாக இழுத்துவிட்டுக்கொண்டு, "கடைக்காரரே, சாருக்கு மணி சொல்லுங்க" என்றார். பெரிய மனுஷர்கள் தங்கள் கையால் சில்லறை வேலை செய்வதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்குள் குமார் கவுண்டரின் கீழ்த் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அந்த வெள்ள டயலு... சின்னது. நம்பரு போட்டு கீதே, அத்த எடுங்க."

"அது சாதா அயிட்டம் தம்பி. டெய்லி யூசுக்கு."

"அதான் வேணும். தோல் வாரு இன்னும் ஒல்லியா கீதாண்ணா?"

துரைக்கு வந்ததே கோபம்! "டேய், மாப்பிள்ளைடா நீ! பத்தாங்கிளாஸ் பாஸ் பண்ண பையனுக்கு வாங்கித் தர்ற வாட்ச்சக் கேக்குற? எங்க அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

 குமார் அந்த வாட்ச்சைக் கீழே வைக்கவே இல்லை. கடைக்காரரை ஓரமாகக் கூப்பிட்டு என்னவோ சொன்னான். அவர் ஒரு தடவை அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வார் மாத்திச் சனிக்கிழமை தரேன்" என்றார். மாமன் கத்திக் கத்தி ஓய்ந்துபோனார். ஏகாம்பரத்துக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். தங்கக் கலர் இல்லையென்றால் விலை குறைவு, யாருக்குத்தான் கசக்கும்?

வெளியே வந்ததும் குமார் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"சார், அவங்களுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ்ஸு எத்தினி மணிக்கு வருது?"

சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் வசந்தியிடம் என் அறிக்கையைச் சமர்ப்பித்தேன். ரசனை கிடையாது. பேச்சு கிடையாது. பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டான். அவள் முகம் சுருங்கிப்போனது.

"இருட்டுல எதுக்கு வேலைக்குப் போற, நின்னுடுன்னு சொல்றதுக்குத்தான் சார் கேட்டிருக்காரு. தட்டு மாத்தறதுக்கு முன்ன நானே கேட்டுடறேன். வேலைய வுடணும்னா எழுந்து உள்ள போயிடுவேன்."

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் என்ன செய்வேன்? வாட்ச் வாங்கத்தானே என்னை அழைத்துப் போனார்கள்!

போன ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். ஏகாம்பரம் வீட்டு வாசலில் சின்னதாக ஒரு பந்தல். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும், அதற்குள் தட்டை மாற்றியாக வேண்டும். வெற்றிலை, பாக்கு, பழம், வேட்டி சட்டை, நடுவில் வாட்ச் பெட்டி. கடைக்காரர் சனிக்கிழமை ஒட்டிக் கொடுத்த பெட்டியை அப்படியே கொண்டுவந்து வைத்திருந்தார் ஏகாம்பரம்.

வசந்தி வந்து உட்கார்ந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எந்த நிமிஷமும் எழுந்து கேட்டுவிடுவாளே!

முதலில் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டுகிற சடங்கு. ஏகாம்பரம் பெட்டியைத் திறந்து, குமாரின் கையில் வாரைச் சுற்றினார். எட்டவில்லை. இழுத்தார். எட்டவில்லை. பிரஸ் ஷாப் கை ஆயிற்றே, சாமானியமா? வாரின் இரண்டு முனையும் ஒன்றையொன்று தூரத்தில் இருந்தே பார்த்துக்கொண்டன. ஏகாம்பரத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

"அளவு பாத்து வாங்க மாட்டீங்களா?" துரை எழுந்துவிட்டார். "நாலு பேரு முன்ன எங்க மானத்த வாங்கறீங்களே! இது இன்னா வாட்ச்சு? இது பொம்பளக் கைக்குத்தான் ஆவும்!"

"அவங்க கைக்குத்தான் மாமா" என்றான் குமார்.

வாரிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு மாமனைப் பார்த்தான்.

"எனுக்கு எதுக்கு மாமா வாட்ச்சு? லைன்ல வாட்ச்சு, மோதரம், கயிறு எதுவும் கட்டக் கூடாது. கேட்டுலயே அவுத்து வாங்கி வெச்சிடுவாங்க. சங்கு ஊதுனா உள்ள போறேன், சங்கு ஊதுனா வெளிய வரேன். பஸ்ஸு புடிக்கிறவங்களுக்குத்தான மணி வேணும்."

இவ்வளவு நீளமாக அவன் பேசி அவன் அம்மாவே கேட்டதில்லை போலிருக்கிறது.  அந்த அம்மாள் கேட்டார், "அப்போ... வேலைக்கு அனுப்பப் போறியா?"

"அனுப்பறதுக்கு நான் யாரும்மா? அவங்களாவேதான் போய்க்கினு கீறாங்க."

அடேயப்பா! என் அறிக்கையை நான் மனசுக்குள் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன்.

"இருட்டுல தனியா போய் நிக்கணுமேடா" என்று அந்த அம்மாள் இழுத்தார்.

"சைக்கிள் கீதேம்மா. நான் வுட்டுட்டு வரேன்."

எல்லாரும் வசந்தியைப் பார்த்தோம். அவள் அப்பா கையிலிருந்து வாட்ச்சை வாங்கினாள். யாருடைய உதவியும் கேட்காமல் தானே கட்டிக்கொண்டாள். கச்சிதமாகப் பொருந்தியது. அதில் மணி பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து, மாமியாராகப் போகிறவரை நேரே பார்த்துச் சொன்னாள்.

"இன்னும் கொஞ்ச நேரந்தான் கீது அத்தை. எமகண்டம் வந்துடும். தட்ட மாத்திடுங்க."

அவ்வளவுதான். "ஆமா ஆமா, தட்ட எடுங்க!" என்று முதலில் எழுந்தது குமாரின் அம்மாதான். மருமகளின் வாட்ச் அன்றைக்கே அமலுக்கு வந்துவிட்டது!

துரைக்குத்தான் மனசு ஆறவில்லை. போட்டோ எடுக்கிற நேரத்தில், "மாப்பிள்ளை கை மொட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று தன்னுடைய தட்டை வடையைக் கழற்றிக் குமாரின் கையில் மாட்டிவிட்டார். பையன் நெளிந்தான். பக்கத்தில் இருந்த நான் அந்த வாட்ச்சைப் பார்த்தேன். உச்சி வெயிலில் அது ஏழரை காட்டிக்கொண்டிருந்தது.

"அரபு நாட்டு நேரமா?" என்று கேட்டேன்.

துரை என் காதோரம் குனிந்தார். "ஓடாது சார். ஊருக்கு வந்ததுலேந்தே ஓடல. வெளிய சொல்லிடாதீங்க."

வெளியே எங்கே சொன்னேன்? உங்களிடம்தானே சொல்கிறேன்.

மறுநாள் திங்கட்கிழமை, வசந்திக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். கண் விழித்துப் பார்த்தால் முகத்தில் சுள்ளென்று வெயில். பக்கத்தில் என் மனைவி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். குளித்தும் குளிக்காமலும் ஓடினேன். ஆபீசில் மேனேஜர் என்னையும் பார்த்தார், என் மணிக்கட்டையும் பார்த்தார்.

"என்ன சார், கையில வாட்ச் இருக்கு. அப்படியுமா லேட்டு?"

வாட்ச் இருக்கிறது சார்... ஜன்னலைத் தட்டத்தான் ஆளில்லை!